துணிக்கு அந்தப் பக்கம்

மலாக்காவில் அந்தக் கடைக்குள் நுழைந்ததுமே சூடேறிய தூசியின் வாசனை. ஏதோ ஒரு பழைய புரொஜெக்டரைப் பழுது பார்த்து ஓடவிட்டிருந்தார்கள். நீங்கள் சிரிப்பீர்கள், அந்த வாசனைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்ல தியேட்டர் போடப் போறீங்களாண்ணே?" என்றார் கடைக்கார பாய்.

தியேட்டராம்! அக்காவுக்கு மறதி நோய். சாயங்காலமானால் கதவைப் பிடித்து உலுக்கி, "வீட்டுக்குப் போவணும்" என்று அழுகிறாள். சோற்றைத் தட்டிவிடுகிறாள். நான் யாரென்றே தெரியவில்லை. இப்படியே போனால் முதியோர் இல்லம்தான் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, கையெல்லாம் அக்காவின் நகக்கீறல். அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அக்கா. அவளை எப்படி இன்னொருவர் வாசலில் விடுவேன்? படம் என்றால் உயிரை விடுவாளே, பெரிதாகக் காட்டினால் அடங்குவாளோ என்று ஒரு நப்பாசை.

ஏற்கெனவே ஒன்றை மலிவாக வாங்கி மூக்குடைபட்டிருந்தேன். அதற்கு அறை இருட்டாக வேண்டும், இருட்டைக் கண்டால் அக்கா அலறுவாள். விளக்கைப் போட்டாலோ, சுவரில் தேத்தண்ணி கொட்டிய கறை மாதிரிதான் தெரிந்தது படம்.

பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பல்பு டைப் வேணாம்ணே. தூரத்துல வச்சா அக்கா குறுக்க நடக்கறப்ப நெழல் விழும். செவுத்துக்கிட்டயே வைக்கிற லேசர் எடுங்க லா. லைட் எரிஞ்சாலும் பளிச்சுனு இருக்கும்."

தூரத்தில் வைத்தால் நிழல் விழும் என்றதும் மனம் நாங்கள் வளர்ந்த செலண்டார் ரப்பர்த் தோட்டத் திடலுக்குப் போய்விட்டது. படவேன் வரும் நாளில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். ஆண்கள் முன்பக்கம், பெண்கள் துணிக்குப் பின்பக்கம். அதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். தங்கள் பக்கமும் தெளிவாகத் தெரியட்டும் என்று பெண்கள் துணியைத் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். மறுநாள் பால்வெட்டில் சண்டை நடக்கும். கதாநாயகன் நொட்டாங்கையால் குங்குமம் வைத்தான் என்று பெண்கள் சத்தியம் செய்வார்கள், சோத்தாங்கைதான் என்று ஆண்கள் அடித்துச் சொல்வார்கள். என்னைச் சின்ன வயதிலேயே ஆம்பளை என்று முன்பக்கம் தள்ளிவிட்டார்கள். அக்கா மட்டும் துணியின் ஓரத்தில் தலையை நீட்டி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் தூங்கி விழுந்தால் ஓடிவந்து தூக்கிப் போவாள்.

லேசரையே வாங்கி, பெம்பானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா பார்த்தாள். முகம் கோணியது.

"தப்பு! தப்பா ஓடுது!" என்று சுவரை அறைந்தாள். தட்டு பறந்தது. மனைவி குனிந்து சோற்றைப் பொறுக்கினாள். கடைசித் துரும்பும் போயிற்று என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தப்பா ஓடுது... இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே! வீட்டுக்கு முதன்முதலில் டிவி வந்தபோது அக்கா சொன்னது இதையேதான். எல்லாரும் கைமாறிப் போய்விட்டார்களாம். பின்பக்கமிருந்தே படம் பார்த்து வளர்ந்தவளுக்கு அதுதான் நேர்.

கடைக்கார பாயைப் போனில் கூப்பிட்டேன். "எடம் வலமா படத்தத் திருப்ப முடியுமா பாய்?"

"மெனுவுல இருக்குண்ணே. தெரைக்குப் பின்னாடி மெஷின் வைக்கிறவங்களுக்கு உள்ளது. வீட்ல யாரு லா அதப் போடுவா?"

போட்டேன். எழுத்தெல்லாம் புரண்டது. நாயகனுக்கு நொட்டாங்கை வந்தது. அக்காவின் கை சுவரிலிருந்து இறங்கியது. அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நான் கஞ்சியை ஊட்ட ஊட்ட வாயைத் திறந்தாள். வீட்டுக்குப் போகணும் என்று கேட்கவே இல்லை. அடுப்படி வாசலில் நின்ற மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசை யாரை விட்டது, மெல்ல அக்காவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

வெடுக்கென்று திரும்பினாள்.

"பொம்பளைங்க பக்கம் ஒங்களுக்கு என்னா வேல? எந்திரிங்க. அந்தப் பக்கம் எந்தம்பி தனியா ஒக்காந்திருப்பான், தூங்கிருவான். கொஞ்சம் பாத்துக்குங்க."

எழுந்துவிட்டேன். அந்தத் தோட்டத் திடலில் இப்போது செம்பனை மரங்கள் நிற்கின்றன. வேனும் இல்லை, துணியும் இல்லை. அந்தப் பக்கம் போகச் சொல்கிறாள், எனக்கு முன்னால் சுவர்தான் இருக்கிறது.