கம்ப்யூட்டர் ரூமில் சாம்பிராணி

“எம் பொண்ண இனிமே அனுப்ப மாட்டேன்!” என்று விக்கிரவாண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று கத்தினாரே, திண்டிவனத்தில் என் வேலைக்கு வந்த முதல் பெரிய சோதனை அதுதான்.

எண்பதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் சென்டர். நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பாடம் நடத்துவேன். நாலு மிஷின், ஒரு ஏசி. மிஷினுக்குத் தூசி ஆகாது என்று ஓனர் சார் ஜன்னல்களை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஏசியில் வெளிக்காற்று வரும் திறப்பையும் அடைத்துவிட்டார். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். என் பாடம்தான் அவ்வளவு அறுவை போலிருக்கிறது என்று நான் நொந்துபோவேன்.

கத்தியவர் சுமதியின் அப்பா. சுமதி என் மாணவிகளிலேயே கெட்டிக்காரி. நான் பாதி சொல்வதற்குள் மீதி புரோகிராமை எழுதிவிடுவாள்.

“சனிக்கிழமையானா வூட்டுக்கு வந்து இருமிக்கினே கெடக்குது டீச்சரம்மா. அந்தப் பொட்டிலேருந்து வெசக்காத்து வருதுன்னு ஊரே பேசுது. படிச்ச வரைக்கும் போதும். வர்ற தையில கல்யாணத்த முடிச்சிடறேன்.”

சுமதி தலையைக் குனிந்து நின்றாள்.

“அடுத்த சனிக்கிழம வரைக்கும் பொறுங்க. நீங்களே கூட வந்து உள்ள உக்காருங்க. அப்பவும் இருமுனா கூட்டிக்கினு போயிடுங்க” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ! அவரும் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

அன்றும் சனிக்கிழமைதான். அன்று பார்த்து இரண்டு மிஷின் பிளாப்பி டிஸ்க்கைப் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. டிரைவைக் கழற்றி, பிளாப்பியைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு காபிப்பொடி நிறத்தில் வந்தது. தெருத்தூசி இப்படிப் பிசுபிசுவென்று ஒட்டாதே? ஸ்பிரிட் வாடை போகட்டும் என்று பொறுத்து, மூக்கருகே கொண்டுபோனேன்.

சாம்பிராணி!

வெள்ளிக்கிழமை தவறாமல் ஓனர் சார் ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்து, தணலில் சாம்பிராணி தூவி, ஆள் முகம் தெரியாத அளவுக்குப் புகை காட்டுவார். அப்புறம் கதவைச் சாத்தி ஏசியைப் போடுவார். புகை போக வழி ஏது? ஏசி அதையே சுற்றிச் சுற்றி விட்டது. பிளாப்பி மக்கர் செய்வது சனிக்கிழமை, சுமதி இருமுவதும் சனிக்கிழமை! ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை மேலே போய், போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்றது. கொட்டாவிக்கும் காரணம் இந்த அடைபட்ட காற்றுதான், என் பாடம் இல்லை! துள்ளிக்கொண்டு ஓனர் சாரிடம் ஓடினேன்.

“வெள்ளிக்கிழம சாம்பிராணி போடாத ஒரு தொழிலா? நல்லாச் சொன்னம்மா!”

“போடுங்க சார். மிஷின ஆஃப் பண்ணிட்டு வாசப்படியோட போடுங்க. உள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேணும்.”

“காசு குடுத்து வாங்கற குளிர வெளிய தள்ளச் சொல்றியா?”

“அந்த ஹெட்டு மேல படிஞ்சது நம்ம நெஞ்சுல படியாதா சார்?” என்று பஞ்சை நீட்டினேன். முகர்ந்து பார்த்தவர் ஃபேனுக்குக் காசை எடுத்து நீட்டினார்.

விழுப்புரத்தில் ஃபேன் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். “இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடவா?” என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். ஒரு சுவரில் ஃபேனைப் பொருத்தி, எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர ஒரு திறப்பு வைத்து, தூசியை வடிகட்ட ஓனர் சாரின் பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினோம். அது ஒரே நாளில் கறுத்துவிட்டது. தினமும் மாற்றித் துவைத்தோம். இன்றும் யாராவது கம்ப்யூட்டர் ரூம் கட்டப்போகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது, காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்பதைத்தான். மிஷினுக்காகக் கட்டுகிற ரூமில் மனுஷர்களும் உட்காரப் போகிறார்கள்.

சனிக்கிழமை சுமதியின் அப்பா வந்தார். மூலையில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மகளையே முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாடத்தில் புத்தி போகவே இல்லை, காதெல்லாம் சுமதியின் தொண்டைமேல்தான் இருந்தது. ஒரு இருமல் இல்லை! சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். மனுஷர் தலை தொங்கக் கிடக்கிறார்!

ஐயோ, மறுபடி காற்று கெட்டுவிட்டதா? ஓடிப்போய் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். புகை ஜம்மென்று ஃபேன் பக்கம் ஓடியது. அதற்குள் மூலையிலிருந்து குறட்டை வந்தது.

சுமதி உதட்டில் விரலை வைத்தாள்.

“விடிய விடிய மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி கட்டிட்டு வந்தாரு மிஸ். எழுப்பாதீங்க. இன்னொரு புரோகிராம் போட்டுக்கறேன்.”