நான் ‘சிரிங்க’ என்று கத்திய கல்யாணம்

புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என்னிடம் உள்ள ஒரே தொழில்நுட்பம் “சிரிங்க” என்று கத்துவது. கேமரா மாறியது, லென்ஸ் மாறியது, ட்ரோன்கூட வந்துவிட்டது. அந்தக் கத்தல் மட்டும் மாறவில்லை. கந்தர்வக்கோட்டைக் கல்யாணம் ஒன்றை அதை வைத்தே கலைக்கப் பார்த்தேன்.

முதல் நாள் ரிசப்ஷன். மேடையில் பெண் மூடிய வாயோடு நின்றாள். “சிரிங்க தங்கச்சி” என்றேன். அப்படியே நின்றாள். என் ஜோக்குகளை எடுத்துவிட்டேன். லைட் பிடித்த முருகேசன் மட்டும் சிரித்தார். அவருக்குச் சம்பளம் தருவது நான். அடுத்தடுத்த “சிரிங்க” பந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். நிச்சயதார்த்தத்தில் அத்தனை பல்லும் தெரியச் சிரித்த புள்ளையாச்சே என்றவர், குரலை இறக்கினார்.

“ஏந்தம்பி, இஷ்டமில்லாமக் கட்டி வைக்கிறாகளோ? விடிஞ்சாத் தாலி. இப்பவே கேட்டுப்புடுறேன்.”

மாலையைச் சரிசெய்யும் சாக்கில் முந்திக்கொண்டு மேடையேறி, என்னம்மா வருத்தம் என்று பெண்ணிடம் கேட்டேன்.

“நான் சிரிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்.”

திருச்சியில் மூக்கை அழகாக்க ஆபரேஷன் செய்து ரெண்டு மாசமாம். மேல் உதடு விறைத்துக் கிடக்கிறது, சிரித்தால் ஏறவில்லை. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தெரியும். மாமியாரிடம் சொல்லப் பயம்.

அப்போதுதான் கவனித்தேன், கண் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன. முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன், பல் டாக்டர் மாதிரி பல்லையே தேடியிருக்கிறேன்.

மாமியாருக்கு நான் கிளப்பிவிட்ட சந்தேகம், உள்ளதைச் சொன்னால்தான் தீரும் என்றேன். பின்னாலேயே மேடையேறிய மாமியாரிடம் அவள் சொல்லிவிட்டாள். அவர் அந்த மூக்கை இங்கிட்டும் அங்கிட்டுமாகப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா? சொன்னா மூக்கைப் புடுங்கிக்கவா போறேன்? உதடு வர்றப்ப வரட்டும் ஆத்தா. இந்தத் தம்பி வாயத்தான் மொதல்ல தைக்கணும்.”

அதோடு, மருமகள் தனித்துத் தெரியக் கூடாதென்று தன் சொந்தக்காரர் யாரும் பல்லைக் காட்டக் கூடாது என்று உத்தரவு வேறு போட்டார். ஆல்பம் முழுக்க, போலீஸ் செலக்‌ஷனுக்கு வந்தவர்கள் மாதிரி ஒரு வம்சமே விறைத்து நிற்கிறது.

பல மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையிருக்கும் சிங்கப்பூருக்குப் போக விசா போட்டோ வேண்டுமாம். உட்கார்ந்ததும் மருமகள் என்னைப் பார்த்தாள். உதடு ஏறி, அத்தனை பல்லும் தெரிந்தது.

“வாயை மூடுங்க தங்கச்சி, இதுல சிரிக்கக் கூடாது” என்றேன்.

அடக்க முடியாமல் இன்னும் சிரித்தாள். வாசலிலிருந்து மாமியார், “ஒங்களுக்கு எப்பத்தான் தம்பி நேரங்காலம் தெரியும்?” என்றார்.

தொழிலுக்குப் புதிதாய் வரும் தம்பிகளே, சிரிக்கச் சொல்லுமுன் எதிரில் இருப்பவர் ஏற்கெனவே சிரிக்கிறாரா என்று பாருங்கள். சிரிப்பை அடக்க வேண்டிய விசா போட்டோ என்றால் என்னிடம் அனுப்புங்கள். அதில் எனக்கு அனுபவம் உண்டு.