படைத்த சோறு

திருச்சிக்கு ஊழியம் செய்யப் போவதற்காக என் மகளுக்குப் பால் மறக்கடித்தேன். அவளுக்கு ஒரு வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேம்பில்லாத எங்கள் மலைக்கு மொனராகலை பஸ்ஸில் வந்த வேப்பிலையை அரைத்து மாரில் பூசிக்கொண்டேன். வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்துவிட்டு என்னையே பார்த்தாள். அழக்கூட இல்லை. மறுநாள் அம்மிக்குழவியைக் காணவில்லை. மாமியார் எடுத்து ஒளித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இலங்கை மலையகத்தில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் ஆசிரியை, என் கணவர் அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே எங்கள் குவாட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையில் ஒரு சிறிய சபைக்குப் போவோம். கொழுந்தெடுத்து ஓய்ந்த என் மாமியார் எங்களோடுதான் இருந்தார், ஆனால் கோயிலை விடவில்லை.

சபையிலிருந்து ஒரு குழு இரண்டு வாரத்துக்குத் திருச்சிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவதென்று தீர்மானமானது. அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்ல வரும்படி பாஸ்டரம்மா என்னைக் கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆராதனையில் என் பெயரை அறிவித்த பிறகுதான் என்னிடம் வந்தார். கைப்பிள்ளை இருக்கிறதே என்றேன். வேதத்தில் ஒரு தாய் தன் பிள்ளையை ஆலயத்துக்கே கொடுத்துவிட்டதை நினைவூட்டினார். பிள்ளை பால் மறக்கும்வரை அந்தத் தாய் வீட்டை விட்டு நகரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கினேன். அப்படி விழுங்குவதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். என் காதில் விழும்படி பிள்ளையிடம் பேசினார். "ஒங்கம்மா ஊராம் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லப் போறாளாம்டி. போகட்டும். நாம கெடப்போம்."

திருச்சியில் எங்களை யாரும் வரவேற்கவில்லை. சிலோன்காரர்கள் என்றதும் ஒரு கிராமத்தில் பொலிஸுக்கே ஆள் அனுப்பினார்கள். இன்னொரு கிராமத்தில் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வேப்பிலை என் மகளைத்தான் மறக்கடித்திருந்தது, என் உடம்பை அல்ல. பால் கட்டி, சட்டை நனைந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடுவதற்குள் பின்னால் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"பச்சப் புள்ளய விட்டுட்டா வந்த?" என்றாள் ஒருத்தி. "எங்க புள்ளைங்களப் பாத்துக்க நாங்க இருக்கோம். நீ போயி ஒம்புள்ளயப் பாரு."

தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் போனார்கள். கதை பாதியில் நின்றது. அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம், அவள் சொன்னது சரியென்று தெரிந்ததால் வந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்று பின்னேரம் தோட்டத்து ஆபீசுக்கு ஃபோன் எடுத்தேன். பிள்ளை ஒரு நாள்கூட அழவில்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்றார் கணவர். பாஸ்டரம்மா அங்கேயே முழங்காலிட்டு நன்றி செலுத்தினார். இது பெரிய அற்புதம், ஊருக்குப் போனதும் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. மறுநாள் ஃபோனில் அதைக் கணவரிடமும் சொன்னேன்.

திரும்பி வந்த அன்று பிள்ளை என் கைக்கு வந்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் வாசலைக் காட்டிச் சிணுங்கத் தொடங்கினாள். மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "காம்பராவுக்குத் தூக்கிட்டுப் போ. அவ வர்ற நேரம்."

கொழுந்தெடுக்கும் பெண்கள் வேலைநேரத்தில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைத்தான் சொன்னார். நான் போய் நின்றபோது, கீழ் லயத்தில் இருக்கும் ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் மகனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தார். என் மகள் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி அவரிடம் ஓடினாள். அவர் மறுபக்கத்தை அவளுக்குக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். போன திருவிழாவில் கோயில் சோற்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று விளக்கி, வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தேன். நல்லவிதமாகத்தான் சொன்னதாக அப்போது நினைத்தேன்.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா" என்றேன்.

"சொல்லாதீங்க டீச்சர்." அவர் நிமிரவில்லை. "எங்க கோயில் சோறு ஒங்களுக்கு ஆகாது. அதத் தின்னு ஊறுன பாலு மட்டும் ஆகுமா?"

காம்பரா ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஒங்க மாமியாக் கெழவி வந்து கெஞ்சுனுச்சு, குடுத்தேன். ஒங்களுக்காக இல்ல. சபையில சாட்சி சொல்லப் போறீங்களாமே. புள்ள அழாமக் கெடந்துச்சு, அது ஒங்க சாமி செஞ்சதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நாந்தான் பாத்துக்கிட்டேன்."

ஞாயிறுவரை என் மனம் ஒரு நிலையில் இல்லை. கர்த்தர் ஒரு பெண்ணைப் பயன்படுத்தினார் என்று சொன்னால் சபை கைதட்டும், பொய்யும் ஆகாது. ஆனால் அந்தப் பெண் சொல்லவேண்டாம் என்றது அதைத்தான். பதுளைக்குப் போகும் பஸ்ஸில்கூட எதைச் சொல்வதென்று முடிவெடுக்கவில்லை. மாமியாரும் கூட வந்திருந்தார். வழக்கம்போல உள்ளே வராமல், பிள்ளையோடு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். என் பிள்ளைக்கு யார் பால் கொடுத்தார் என்பதையும், அவர் கொண்டுவந்த சோற்றை நான் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை.

பாஸ்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், கோபத்திலும் குரல் உயராது. "படைச்சதைச் சாப்பிடுற ஆளின்ர பாலெல்லோ பிள்ளை குடிச்சிருக்கு. முன்னுக்குக் கொண்டு வாங்கோ சிஸ்டர். கை வச்சு ஜெபிச்சுக் கழுவி விடுவம்."

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. மாமியார் எழுந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டார். அவர் பாஸ்டரம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் பசிச்சது, குடிச்சா" என்றேன். "இதுல கழுவுறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் வாசலை எட்டுவதற்குள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள், வழக்கத்தைவிடச் சத்தமாக. என் கணவர் ஆராதனை முடிந்துதான் வெளியே வந்தார். அடுத்து ஊழியத்துக்குப் போன குழுவில் என் பெயர் இல்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

மகள் காம்பராவுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. என் பால் வற்றியிருந்தது.

திருவிழா வந்தது. சோற்று வாளியோடு அந்தப் பெண் எங்கள் வரிசையில் வீடு வீடாக வருவதைக் கண்டு, ஒரு பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மகள் ஓடிப்போய் அவர் சேலையைப் பிடித்தாள். அவர் குனிந்து ஒரு பிடி உருட்டி அவள் வாயில் வைத்தார். பிறகு என் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். வாளியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.