படகு வண்ணமும் நெரெய்டாவின் மீட்டரும்

நெரெய்டா ஃபொன்சேகா ஹவானாவுக்கு வெளியே குவானாபோ கடற்கரையில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி வசிக்கும் பெண்மணி. இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் கோளாறு பார்த்துவிட்டுப் பிறகு கார்களின் மின்வேலைக்கு வந்தவர். எந்தக் காரைத் தொட்டாலும் முதலில் மீட்டர் காட்டும் எண்களை ஓர் அட்டையில் குறித்துக்கொள்வார். 318ஆம் அட்டை எங்கள் அப்பா எவேலியோவின் 1951ஆம் ஆண்டு செவர்லேக்கு உரியது. அதை எனக்குப் பார்க்கக் கொடுத்தார். நாங்கள் அவருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பதற்கு என்னிடமுள்ள சான்று அதுதான்.

அம்மா மிக்தாலியாவுக்கு அப்போது சிறுநீரகம் செயலிழந்திருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஹவானா மருத்துவமனையில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடியுமுன் ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். 2011 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை, மழையில் விளக்கு எரிய, கண்ணாடித் துடைப்பான் ஓடிய அரைமணி நேரத்தில் பேட்டரி இறங்கி, கார் பாதி வழியில் நின்றது. காய்கறி லாரி ஒன்று அம்மாவை ஏற்றிச் சென்றதால் அன்று தப்பித்தோம். வியாழக்கிழமைக்கு லாரி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புதன் காலை அப்பா நெரெய்டா வேலை பார்க்கும் கொட்டகை வாசலில் இருந்த வரிசையில் போய் நின்றார்.

"கடைசி ஆளு யாரு?"

"நான்தாண்ணே. நீங்க எனக்குப் பின்னாடி" என்றார் மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒருவர். அம்மாவின் நிலை தெரிந்ததும், "நீங்க முன்னாடி போங்க. என் வண்டி நாளைக்கும் நிக்கும்" என்று விலகிக்கொண்டார். அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாதது இன்றுவரை எனக்கு உறுத்தல்.

அப்பா ஒரு பொட்டலத்தை நீட்டினார். "ரெகுலேட்டர் போச்சு நெரெய்டா. இந்தா புதுசு. மாத்திக் குடு, போதும்."

"வியாதியும் நீயே சொல்லிட்ட, மருந்தும் நீயே கொண்டுவந்துட்ட. அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்த?"

"மத்தான்சாஸ் வரைக்கும் போயி, ஒரு முழுப் பன்னித்தொடையக் குடுத்து வாங்குனது!"

"தொடைய இங்க கொண்டாந்திருந்தா எல்லாரும் சாப்பிட்டிருப்போம்."

வரிசை முழுதும் சிரித்தது. நெரெய்டா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

இன்ஜினை ஓடவிட்டு, விளக்குகளைப் போடச் சொன்னார். பேட்டரியில் 12.4 வோல்ட், போதாது. பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது ரஷ்யக் கார் ஒன்றிலிருந்து கழற்றிப் பொருத்திய ஆல்டர்னேட்டர்; அதன் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.3. ஆக, ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்மீதும் பழி இல்லை. இடையில் எங்கேயோ 1.9 வோல்ட் காணாமல் போயிற்று. பேட்டரிக்குப் போகும் கம்பியில் இழப்பு 0.2 மட்டுமே. மீட்டரின் ஒரு கம்பியை ஆல்டர்னேட்டரின் உடலிலும் மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தார். 1.7.

ஆல்டர்னேட்டரை இன்ஜினோடு பிடித்திருந்த இரும்புத் தாங்கியைக் குனிந்து பார்த்தார். "இந்தத் தாங்கிக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான்" என்றார் அப்பா பெருமையாக. "போன மாசம் எல்லாத்தையும் கழட்டி மூணு கோட்டு அடிச்சேன். படகுக்கு அடிக்கிற பெயிண்ட். இனிமே கடல் உப்பு அண்டவே அண்டாது!"

"உப்பும் அண்டாது, கரண்டும் அண்டாது. ஆல்டர்னேட்டருக்கு இந்தத் தாங்கிதான்யா எர்த்து. அந்த வழிய அடைச்சு வச்சிருக்க."

அவர் சுரண்டியை எடுத்ததும் அப்பா குறுக்கே வந்தார். "ஐயையோ, சுரண்டாத! ஒரே மாசத்துல துரு புடிச்சிரும்."

"போல்ட்டு உக்கார்ற இடம் மட்டும்தான். முடுக்கிட்டு மேல கிரீஸ் தடவிடுறேன்."

"வேற வழியே இல்லையா?"

"மிக்தாலியா ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, தாங்கி பளபளன்னு இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அப்பா தம் கருவிப் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து அவரே தேய்க்கத் தொடங்கினார். மீண்டும் பொருத்தி முடுக்கியபோது, விளக்குகள் எரியும் நிலையில் பேட்டரியில் 14.0.

வியாழன் அதிகாலையும் மழை பெய்தது. நெரெய்டா யாரும் அழைக்காமலே வந்து முன் இருக்கையில் ஏறினார். மீட்டரின் கம்பிகளைப் பேட்டரியில் மாட்டி, சன்னல் வழியாக உள்ளே இழுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவரது கொட்டகை மூடிக் கிடந்தது. வழி நெடுக அவர் எண்களை வாசித்துக்கொண்டே வர, பின்னாலிருந்து அம்மா சொன்னார்:

"அடியே நெரெய்டா, பேட்டரியப் பாத்தது போதும். என்னையும் ஒரு தடவ அளந்து சொல்லு, எவ்வளவு மிச்சமிருக்குன்னு."

"உனக்கென்னக்கா, வாய் மட்டும் இருபத்தி நாலு வோல்ட்டு காட்டுது."

நோயாளிகளை இறக்கும் வாசலில் கார் நின்றபோது 13.9. அட்டையின் கடைசி வரியாக அந்த எண்ணையும், பக்கத்தில் "மிக்தாலியா நேரத்துக்கு வந்து சேர்ந்தார்" என்றும் நெரெய்டா எழுதியிருக்கிறார். அதன்பின் 2013 மார்ச்சில் சிறுநீரகம் மாற்றப்படும்வரை, அப்பாவின் நாட்காட்டிக் குறிப்புகளின்படி, இருநூற்றுப் பதினேழு முறை போய்வந்தார்கள். ஒருமுறைகூட அம்மா தெருவில் நின்று லாரிக்குக் கைகாட்ட நேரவில்லை.