பட்டிக்குள் சாய்ந்த மரம்

திருடி என்று பெயர் பெற்ற கிழட்டு வெள்ளாட்டைத்தான் குன்செஸ் முதலில் பட்டிக்குள் விடுவார். சுவரில் சாய்த்த மரத் தடியின்மீது அது ஏறினால், தடியின் அடியைச் சுவர்ப்பக்கம் விரற்கடையளவு தள்ளுவார். மீண்டும் ஏறும், மீண்டும் தள்ளுவார். அது வழுக்கி இறங்கிய பிறகே மற்ற எட்டு ஆடுகளும் உள்ளே போகும். குன்செஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. இடது முழங்கால் மடங்காது. எந்த வேலை முடிந்தாலும் சாணக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து, "சரி, இதுவும் ஆச்சு" என்பார்.

சென்ற சனவரி பதினேழாம் நாள் கூரைச் சுள்ளிகளைப் பிரித்துக்கொண்டு உள்ளே குதித்தது ஒரு பனிச்சிறுத்தை. உட்புறம் சரிந்த சுவரில் ஏறி வெளியேற அதனால் இயலவில்லை. விடிந்தபோது இருபத்திரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. ஊரார் கல்லோடு கூடினர். குன்செஸ், சிறுத்தை போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். சிறுத்தை ஏறி வெளியேறவும் ஆடு ஏற முடியாதபடியும், வெட்டுப்படி செதுக்கிய அந்தத் தடி மறுநாளே உள்ளே வந்தது.

"என்ன ஆச்சே, மருமகனுக்கு ஏணியா?" என்று, அக்காவை 'ஆச்சே' என்றழைக்கும் வழக்கப்படி பக்கத்து வீட்டு மோரூப் இன்றும் குன்செஸைச் சீண்டுவார்.

"வர்ற மருமகன் திரும்பிப் போகவும் வேணும்ல? ஒண்ணத் தின்னுட்டுக் கிளம்பட்டும். வழி தெரியாமத்தான் எல்லாத்தையும் அடிச்சுப் போட்டுது."

கூரைக்குக் கம்பி வலை கேட்ட விண்ணப்பம் நான்கு முறை திரும்பியது: முதலில் ஒளிப்படம் இல்லை, பிறகு முத்திரை மங்கல், மற்ற இரண்டுக்கும் காரணமே எழுதப்படவில்லை. அவற்றை எழுதிக் கொடுத்த என்னிடம் நான்கின் நகல்களும் உள்ளன. நவம்பர் ஒன்பதாம் நாள் லே நகரிலிருந்து வலை வந்தது. வடமூலையில் இரண்டு முழம் போதவில்லை. வலையோடு வந்த அலுவலர் நீட்டிய தாளிலோ, 'பட்டி முழுமையாக மூடப்பட்டது' என்றிருந்தது. குன்செஸுக்குப் படித்துச் சொன்னேன். இனி சிறுத்தை இறங்கினால், மூடிய பட்டியின் கதவைத் திறந்து வைத்தவர் குன்செஸ் என்றே அந்தத் தாள் சொல்லும். மீந்த ஒன்பதும் போனால் பட்டியே இல்லை.

"வானம் தெரியுதே தம்பி. அதையும் எழுதிக்கோ" என்றார் குன்செஸ் அலுவலரிடம்.

அலுவலர் சிரித்தார்; எழுதவில்லை. கையெழுத்து இல்லையென்றால் வலையைச் சுருட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். குன்செஸ் மூலையை ஒருமுறை பார்த்தார், பிறகு கையெழுத்திட்டார்.

அலுவலரின் வண்டி மலையிறங்கிப் போனதும் குன்செஸ் தடியை வடமூலைக்கு இழுத்து வந்து சாய்த்தார். திருடி ஏறியது, தள்ளினார், வழுக்கியது. மற்றவை உள்ளே போயின. கூடை கவிழ்ந்தே கிடந்தது, அவர் அமரவில்லை. வலை எட்டாத இடைவெளி வழியே பனி விழத் தொடங்கியிருந்தது. குன்செஸ் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு, தடியின் வெட்டுப்படிகளில் படிந்த பனியைக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்.