லொக்கில் கட்டிய கயிறு

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் மாலை வந்த வாட்ஸ்அப் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. “அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் வாறம். ஆத்தில பொலிஸ் படகு நிக்குமோ?”

இருக்காது என்று பதில் போட்டேன். விசாரிக்காமல்தான் போட்டேன்.

அனுப்பியவர் மெல்பேர்னின் டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்பவர். பத்து ஆண்டுகளுக்கும் முன்பு இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர். இன்னும் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாதான். அது முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். எந்தச் சட்டத்தையும் மீற மாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒரு சிறு முறைப்பாடு போனாலும் விசா போய்விடும் என்ற பயத்திலேயே வாழ்பவர்.

மறுநாள் மல்கிரேவிலிருந்து ஒரே காரில் புறப்பட்டோம். நானும் என் மனைவியும், அவரும் அவர் மனைவியும். கூரையில் பெட்டிகளை அவரே கட்டினார். ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டு முடிச்சு.

“இவர் சாப்பாட்டுப் பையையும் இப்பிடித்தான் கட்டுவார்,” என்றார் அவர் மனைவி. “வேலையில அவிழ்த்து முடிக்க பிரேக் முடிஞ்சிடும்.”

“நீர் சிரியும். நடுக்கடல்ல எங்கட தண்ணிக் கான் எல்லாம் அவிழ்ந்து போனது உமக்குத் தெரியாது,” என்றார். “ஆரோ ஒருத்தன் ஒற்றை முடிச்சுப் போட்டவன். கான் மிதந்து போறதைப் பார்த்துக்கொண்டு இருந்தனாங்கள்.”

 ஆறு மணி நேரத்தில் மில்டுரா வந்தது. மரே ஆற்றில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுப் படகு நின்றது. தட்டையான படகின் மேல் இரண்டு அறையும் ஒரு குசினியும்.

சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் லொக்கை அடைந்தோம். ஆற்றின் குறுக்கே அணை. படகுகள் கீழ்மட்டத்துக்கு இறங்க அணையோரம் ஒரு கொங்கிரீட் தொட்டி, இரண்டு முனையிலும் கதவு; அதுதான் லொக். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வெளியே விடுவார்கள். தண்ணீரோடு படகும் இறங்கும். ஏறத்தாழ நூறு ஆண்டு பழைய ஏற்பாடு என்று முன்பே வாசித்திருந்தேன். வாசித்ததில் அந்தச் சுவரின் வாசனை இல்லை. பாசியும் ஊறிய இரும்பும் கலந்த, கிணற்றடி போன்ற வாசனை.

மேலே நின்ற காவலாளர் ஆங்கிலத்தில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பின்பக்கம் திரும்பிச் சொன்னேன். “கயிறைக் கட்ட வேண்டாமாம் தம்பி. மேல இருக்கிற இரும்புக் குற்றியில ஒரு சுத்துப் போட்டுட்டு, நுனியைக் கையில வைச்சிரும். படகு இறங்க இறங்க விட்டுக்கொண்டு வாரும்.”

“ஓம் அண்ணை.”

முன்கயிறு என்னிடம், பின்கயிறு அவரிடம். கதவு மூடியது. ஆற்றின் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, சுவர்தான் உயர்ந்தது. காய்ந்த கொங்கிரீட்டுக்குக் கீழே ஈரம், ஈரத்துக்குக் கீழே கறுப்பு. வானம் ஒடுங்கி ஒரு பட்டையானது.

பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. கயிறுதான். என் கால்களுக்குக் கீழே தளம் சரிந்தது. குசினியில் தட்டுகள் வழுக்கி விழுந்தன. முன்பக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது; பின்பக்கம் சுவரில் தொங்கியது.

அவர் கயிற்று நுனியைப் படகின் கம்பியில் கட்டியிருந்தார். இரண்டு முடிச்சு. கயிறு உள்ளங்கையில் வழுகத் தொடங்கியதும் கை தானாகவே கட்டிவிட்டது என்று பின்னர் சொன்னார். அப்போதோ இறுகிப்போன முடிச்சை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி, “விடுங்கோ, கையை எடுங்கோ,” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காவலாளர் கத்தினார். தண்ணீர் நின்றது. என் மனைவி மரக்கறி வெட்டும் கத்தியோடு சரிவில் தவழ்ந்து வந்தார். கட்டியவரே அதை வாங்கிக் கயிற்றை அறுத்தார். கடைசி இழை அறுந்ததும் படகின் பின்பக்கம் தொப்பென்று விழுந்தது. சுவரில் மோதித் திரும்பியது. எவருக்கும் காயமில்லை.

காவலாளர் குனிந்து எங்களைப் பார்த்தார். குற்றியில் தொங்கிய கயிற்றுத் துண்டைக் கைபேசியில் படம் எடுத்தார். பிறகு எங்களையும் எடுத்தார். கட்டியது யார் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

நான் வாய் திறப்பதற்குள் படகின் பின்பக்கம் அவர் நிமிர்ந்து நின்றுவிட்டார். கைகள் இரண்டும் பக்கவாட்டில். முழுப் பெயரைச் சொன்னார். பிறந்த திகதியைச் சொன்னார். பின்னர், எவரும் கேட்காமலே, அகதியாகக் கிறிஸ்மஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் கொடுத்த இலக்கத்தை, மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும், பிழையில்லாமல் சொன்னார்.

காவலாளர் ஒரு கணம் அவரையே பார்த்தார். சரி என்று தலையசைத்துவிட்டு, கைபேசியைக் காதில் வைத்தபடி அப்பால் நடந்தார். மீதித் தண்ணீர் இறங்கியது. முன்கதவு திறந்தது. வெளியே அதே ஆறு, வெயில், கரையில் பெரிய யூகலிப்டஸ் மரங்கள்.

“ஏன் அண்ணை அதைச் சொன்னனான்?” என்று கேட்டார். 

ஊர் திரும்பியதும் படகு நிறுவனத்தில் விசாரித்தேன். தங்களுக்கு எந்த முறைப்பாடும் வரவில்லை என்றார்கள். லொக் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்கலாம் என்றேன். “வேண்டாம் அண்ணை. மறந்திருந்தா, நாங்களே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்,” என்றார். இதற்கிடையில் அவருடைய விசா முடிந்துவிட்டது; புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். வழக்கமாக வரும் காலம் கடந்துவிட்டது. இன்னும் வரவில்லை. முன்பும் ஒருமுறை இப்படித் தாமதித்ததுண்டு.

அந்தப் படங்கள் யாருக்காவது அனுப்பப்பட்டனவா, அந்த இலக்கத்தை அந்தக் காவலாளர் எங்காவது குறித்தாரா என்பதை இதை எழுதும் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.