அப்பாவின் இடது விலா

அப்பாவின் கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்தவர்கள் பகாவ் பட்டணத்துத் தீயணைப்பு வீரர்கள். மலேசியாவில் எங்கள் பக்கத்தில் விரலில் மோதிரம் சிக்கிக்கொண்டால் ஆசாரியிடம் போகமாட்டோம், பொம்பா என்கிற தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போவோம். தீயை அணைக்கிறவர்களிடம் மோதிரத்தை அறுக்க ஒரு குட்டி இயந்திரமும் இருக்கும். சவர்க்காரம் தடவி, எண்ணெய் தடவி, நூலைச் சுற்றி இழுத்து, எதற்கும் மசியாமல் விரல் நீலம் பாய்ந்த பிறகு, அப்பா என்னையும் அம்மாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். எனக்கு அப்போது எட்டு வயது. சிவப்பு லாரியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த சந்தோஷத்தில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா வெட்டுப்பட்ட மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீடு வரும்வரை அழுதாள்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை டிரெய்லரில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. லயத்தில் நாங்கள் இருந்த வீடு அந்த வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போய்விடும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். பக்கத்து வீட்டு மாமா முதுகு ஒடிந்து வேலையை விட்டபோது அவர்கள் கட்டில் வாசலுக்கு வந்தது. அதன்மேல் அவர் மகள், என் வகுப்புத் தோழி, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு லாரிக்காக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மோதிரம் மட்டும் சிறுத்துப் போகவில்லை. எட்டாம் நம்பர் சப்பாத்து பத்தானது, பத்து பன்னிரண்டானது. தாடை முன்னால் வந்தது, பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது, குரல் கனத்துப் போனது. நாற்பதைத் தொடப்போகிற மனிதர் எதற்காக இப்படி வளர்கிறார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்களிடம்தான் முனியாண்டி இருந்தாரே. தோட்டத்து எல்லைக் கோயிலில் சுதைச் சிலையாக உட்கார்ந்திருக்கும் முனியாண்டிக்கும் அதே தாடை, அதே கை. திருவிழாவில் அப்பாவுக்கு அருள் வந்தபோது, சாமி அவர் உடம்பில் குடியேறிவிட்டது என்று எல்லோருமே சொன்னார்கள். தலைவலி வந்தால் திருநீறு பூசினார்கள். அம்மா சுருட்டும் சேவலும் நேர்ந்துகொண்டாள். சாமியின் மகள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. அதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அப்பா தினமும் காலையில் என்னை மோட்டாரில் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். அந்த வருஷம்தான் எங்கள் விளையாட்டு தொடங்கியது. நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவர் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்வேன். இடது பக்கம் மாடோ சைக்கிளோ வந்தால் இடது விலாவில் ஓர் அழுத்து, வலது பக்கமென்றால் வலது விலாவில். அழுத்தியதும் அவர் கேட்பார்.

"இடதுல யாரு பாப்பா?"

"மண்டோர் மோட்டார்."

"கெட்டிக்காரி லா நீ."

என் கண்ணின் கூர்மையைச் சோதிக்கத்தான் அப்பா இந்த விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் நம்பினேன். ஒரு நாளும் நான் தோற்றதில்லை. சந்தில் நிற்கும் கோழியைக்கூட விட்டுவைக்கமாட்டேன்.

ஒரு தரம் அப்பா டிராக்டரை ஆலை வாசல் தூணில் உரசிவிட்டார். இன்னொரு தரம் பக்கத்தில் நின்ற ஆபீஸ் கிராணியின் காரை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரைத் தோட்டத்துக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் கிடையாது. மருந்து கொடுக்கவும் கட்டுப் போடவும் டிரசர் என்று ஒரு வயசாளி இருந்தார். பள்ளி விடுமுறையாதலால் நானும் அப்பாவோடு போனேன்.

டிரசர் அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து எதிரே நின்றார். "என் மூக்கையே பாருப்பா. கண்ண அசைக்கக் கூடாது. எந்தப் பக்கம் என் விரலு ஆடுதுன்னு சொல்லு."

"தெரியலன்னா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலன்னா சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கடிதாசி எழுதித் தரேன். அங்க பாப்பாங்க. அதுவரைக்கும் டிராக்டர் ஓட்ட முடியாது லா."

எனக்கு வாசலுக்கு வந்த அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. நான் முக்காலிக்குப் பின்னால் போய் நின்று, மோட்டாரில் பிடிப்பதுபோல அப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

டிரசரின் விரல் அப்பாவுக்கு இடது பக்கம் ஆடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு பெரிய விரல், அவ்வளவு பக்கத்தில் ஆடுகிறது. நான் இடது விலாவில் அழுத்தினேன். அப்பாவின் உடம்பு ஒரு கணம் விறைத்தது.

"இடது," என்றார்.

அடுத்தது வலது. அழுத்தினேன். "வலது." மறுபடியும் வலது. அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றாக. இரண்டு கையாலும் அழுத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. டிரசர் சிரித்துக்கொண்டே அட்டையில் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிறது என்று எழுதினார். "பிள்ளைக்கு அப்பன் மேல ரொம்பப் பாசம், விடவே மாட்டேங்குது," என்றார்.

திரும்பும்போது அப்பா வீட்டுக்குப் போகாமல் பகாவுக்குக் கூட்டிப்போய் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. என் தலையில் அந்தப் பெரிய கையை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பரிசு பெற்ற பிள்ளையாக நான் கிண்ணத்தின் அடிவரை வழித்துத் தின்றேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அப்பா டிராக்டர் ஓட்டினார். காலையில் எழும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு எழுவார். சட்டை எந்நேரமும் வேர்வையில் நனைந்திருக்கும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவார், அம்மா திட்டுவாள். ஒருநாள் குலை ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் பெரிய வாய்க்காலில் சரிந்தது. கூட வந்த வங்காளதேசத்துத் தொழிலாளிக்குக் கை முறிந்தது. அப்பாவுக்கு நெற்றியில் வெட்டு. அந்த நேரத்தில் நான் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் ஏழாம் வாய்ப்பாடு எனக்கு நடுவில் நின்றுவிடுகிறது.

நெற்றியில் தையல் போட சிரம்பான் போனவரை அங்கிருந்து வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இந்த மாதிரி நோய்க்கென்றே தனிப் பிரிவு இருந்த இடம். அங்கிருந்த டாக்டரம்மா தமிழ்க்காரர். அப்பா கை கொடுத்ததும் அந்தக் கையை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கல்யாணப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அம்மா அடுத்த தடவை கொண்டுபோனாள். போட்டோவில் ஒல்லியாக ஒரு பையன் மாலையோடு நின்றான். டாக்டரம்மா போட்டோவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தபோது, அம்மா தன் புருஷன் காணாமல் போனதை அப்போதுதான் கண்டுபிடித்தவள்போல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி. கையையும் காலையும் தாடையையும் வளர்த்தது அந்தக் கட்டிதான். அது மேல்நோக்கி வளர்ந்து கண் நரம்புகளை நெருக்கியிருந்தது. முதலில் பார்வையின் இரண்டு ஓரமும் போகும், அப்புறம் நடுவும் போகும் என்றார் டாக்டரம்மா.

கண் சோதிக்கும் அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் அப்பா முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். என்னை உள்ளே விடவில்லை. நான் பிடித்துக்கொண்டால்தான் அப்பாவுக்குச் சரியாக வரும் என்று வாசலில் நின்று அழுதேன். தாதி ஒரு மிட்டாய் கொடுத்தார். வெளியே வந்த தாளில் இரண்டு ஓரமும் கறுத்து, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு இருந்தது. இயந்திரத்தில் மை கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்கின் வழியாகவே அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். எடுத்த வரைக்கும் நல்லபடியாக எடுத்தார்கள். தலைவலி போனது, வேர்வை நின்றது, விரல்களின் வீக்கம் மெல்ல வடிந்தது. மோதிரத்தை ஒட்டவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். பார்வை மட்டும் திரும்பவில்லை. இருந்த நடு வெளிச்சமும் வாரத்துக்கு வாரம் மங்கியது. அதற்குள் எங்கள் கட்டிலும் வாசலுக்கு வந்து, லாரி ஏறி, சிரம்பான் பக்கத்து ராசாவில் ஓர் அறை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கடைசியாக நானும் கூடப் போன நாளில் டாக்டரம்மா பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் இருந்தார். நான் அவரை ஒட்டி நின்றேன், அவர் கை என்னைச் சுற்றியிருந்தது. எனக்கு இடது பக்கம் அம்மா.

"தோட்டத்துல ஒரு வருஷம் முன்னாடியே கண்ண சோதிச்சிருக்காங்களே," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பக்கமும் தெரியுதுன்னு எழுதியிருக்கு. அப்படி இருந்திருக்க முடியாதே. அப்பவே வந்திருந்தா, முழுசா இல்லாட்டியும், நெறைய காப்பாத்தியிருக்கலாம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து நின்றேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி இவ்வளவு பெரிய டாக்டர் கேட்கிறார். சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"குத்துமதிப்பா சொல்லிட்டேன் டாக்டர்," என்றார் அப்பா. "வேலை போயிடுமேன்னு பயம். நான் செஞ்ச தப்பு."

"இல்லப்பா, நான்..."

அப்பாவின் விரல்கள் என் இடது விலாவில் அழுந்தின. அவர் என்னை அழுத்தியது அதுதான் முதல் தடவை. இடது விலாவில் அழுத்தினால் இடது பக்கம் பார்க்கவேண்டும், யார் என்று சொல்லவேண்டும். திரும்பினேன். அம்மா முகம் கோணி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா," என்றேன்.

அப்பா சரி என்று தலையாட்டினார். பிள்ளை பயந்துபோய்க் கூப்பிடுகிறாள் என்று அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு அப்பா தன் தலையில் போட்டுக்கொண்ட பதிலை அவர் இன்றுவரை மாற்றவில்லை, அம்மாவும் வேறு பதில் கேட்டதில்லை. அன்று எனக்கு அதொன்றும் தெரியாது. இந்தத் தடவையும் தப்பில்லாமல் சொல்லிவிட்டேன் என்ற பெருமையில், அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். நான் சிரித்ததை அவரால் பார்க்க முடியாது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.